மூடி தூக்கிய பியானோ

வெர்னா கோஸ்ட்காவுக்கு உத்தியோகமே உட்கார்ந்திருப்பதுதான். அவளால் முடியாத ஒரே காரியமும் அதுதான்.

கார்வெல் ஆர்க்கெஸ்ட்ராவில் பியானோ வாசிக்கிறாள் என்று கேள்விப்படுகிறவர்கள், மேடை நடுவில் விளக்கு வெளிச்சத்தில் அவள் தலையைச் சிலுப்பிக்கொண்டு வாசிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த இடம் வெளியூரிலிருந்து வந்து போகிற நட்சத்திரங்களுக்கு. வெர்னாவின் இடம் மேடையின் கடைக்கோடி மூலை. ஒரு பக்கம் முரசுக்காரர்கள், மறுபக்கம் ஆளுயர வயலின் மாதிரி இருக்கிற டபுள் பேஸ்களை நிறுத்திவைத்து வில் போடுகிற வரிசை. அவளுடைய பியானோ பழையது, குட்டையானது, மூடியைத் திறப்பதே கிடையாது. முரசுக்காரர்கள் அதன்மேல் குச்சிகளை வைப்பார்கள், துண்டை வைப்பார்கள். ஒருமுறை ஒருத்தன் பாதி தின்ற டோனட்டை வைத்துவிட்டு மறந்துபோனான்.

இரண்டு மணி நேரக் கச்சேரியில் அவள் வாசிப்பது பத்து நிமிஷம் தேறாது. மீதி நேரமெல்லாம் தாளத்தை எண்ணிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். சுற்றிலும் எழுபது பேர் மும்முரமாக வாசிக்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுக்கு முள்மேல் இருப்பது மாதிரி. இடது கால் தன்பாட்டுக்குத் தரையைத் தட்டும். முதல் வருஷமே முரசுக்காரர்கள் புகார் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மேடை ஏறியதும் இடது ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவாள். வெறும் சாக்ஸ் காலால் எவ்வளவு தட்டினாலும் யாருக்கும் கேட்காது.

இத்தனை பேருக்கு நடுவில் பியானோவுக்கு என்னதான் வேலை என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரு பதில் உண்டு. “பேஸ் சத்தம் கொழகொழன்னு இருக்கும். நான் அதுக்குள்ள ஒரு எலும்பு வைக்கிறேன்” என்பாள். பேஸ்கள் அடியில் முனகும்போது அதே சுரத்தை அவளும் தொடுவாள். சத்தத்துக்கு ஒரு விளிம்பு வந்துவிடும். பியானோ கேட்டது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அவள் ஏதோ தப்பாக வாசித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

இப்படிக் காதில் விழாமல் வாசிப்பதற்காக அவள் பிறந்துவிடவில்லை. அப்பா துறைமுகத்தில் இரும்புத்தாது இறக்குகிறவர். ஏரியிலிருந்து வீசும் பனிக்காற்றில் பாதி நாள் வேலை இல்லாமல் திரும்பிவருகிற அந்த மனுஷர், மகளுக்காக மாதா கோவில் கூடத்துப் பழைய பியானோவை நாலு பேரோடு மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயதில் ஒஹையோ மாநிலப் போட்டியில் வெர்னாவுக்கு முதல் பரிசு. அன்று வாசித்தது ஒரு பெரிய கான்செர்ட்டோ. பியானோக்காரர் முன்னால் போவார், ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் அவர் பின்னால் வரும். அதோடு உலகம் சுற்றப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடுவில் கைச்செலவுக்கு ஒரு வருஷம் என்று உள்ளூர் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தாள். இப்போது வயது ஐம்பத்தெட்டு.

சேர்ந்த புதிதில் படாத பாடு பட்டாள். முன்னால் நின்று எல்லோரையும் நடத்துகிற கண்டக்டரின் குச்சி கீழே இறங்கும், இவள் கட்டையை அழுத்துவாள், டங்கென்று சத்தம் தனியாக விழும். மற்றவர்கள் சத்தம் அதற்கப்புறம்தான் வரும். பியானோ தொட்டதும் பேசிவிடும். வில் நரம்பைக் கவ்வி, மரம் அதிர்ந்து, சத்தம் எழும்ப ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. அப்போதிருந்த கண்டக்டர், “மிஸ் கோஸ்ட்கா, கடைசி பஸ்ஸைப் பிடிக்கணுமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

பேஸ் வரிசையில் முதல் ஆளாக நின்ற ரூடி டுடெக்தான் ஒரு நாள் அவள் பக்கம் குனிந்து வழி சொன்னான். அவனுக்கும் அப்போது அவள் வயதுதான்.

“குச்சியைப் பாக்காதே. என் வில்லைப் பாரு. அது கவ்வினதும் நீ விரலைப் போடு.”

“உன் வில்லை நம்பி என் பிழைப்பா?”

“மத்தவங்க எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிக்கத்தானே செய்யறாங்க. நம்பித்தான் பாரேன்.”

நம்பினாள். சத்தம் சேர்ந்து விழுந்தது. ஒரு சீசன் முழுக்க ஒருத்தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. அடுத்த கோடையில் கல்யாணம். கல்யாணம் பதினெட்டு வருஷம் ஓடியது. அவன் வீட்டுக்கு வந்தால் பனியில் உறைந்த ஏரி மாதிரி அசையாமல் இருப்பான், இவளுக்கோ ஒரு நாற்காலியில் முழுசாக உட்காரத் தெரியாது. அடிதடி இல்லாமல் பிரிந்தார்கள். வீட்டில் பிரிந்தாலும் மேடையில் இடம் மாறவில்லை. அதே மூலை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அதே வில்.

வருஷத்துக்கு மூன்று நாலு முறை வெளியூர் நட்சத்திரம் ஒன்று கான்செர்ட்டோ வாசிக்க வரும். அப்போது பூட்டி வைத்த அறையிலிருந்து பெரிய பியானோ உருண்டு வரும். சுருதி சேர்க்கத் தனி ஆள், துடைக்கத் தனித் துணி. கான்செர்ட்டோவில் பின்மூலைப் பியானோவுக்கு வேலை இல்லை. வெர்னா காபி குடிக்கப் போகலாம். அவள் போனதில்லை. மேடைக்கதவின் பின்னால் நின்று முழுவதையும் தொடையில் வாசிப்பாள். “எனக்கும் இது கையில இருக்கு, ஒரு நாள் கூப்பிட்டுப் பாக்கட்டும்” என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. அவளுக்கு அது வேடிக்கை இல்லை.

அந்த மார்ச்சில் கூப்பிட்டுவிட்டார்கள்.

டொரோண்டோவிலிருந்து வரவேண்டிய பெண் கார்க்கதவில் கையை நசுக்கிக்கொண்டாளாம். வாசிக்கவேண்டியது வெர்னாவின் அதே பழைய கான்செர்ட்டோ. சனிக்கிழமை மாலை கச்சேரி, ஞாயிறு மதியம் இன்னொன்று. புதன்கிழமை காலையில் கண்டக்டர் கிரேட்டா லின்ட் போன் செய்தாள். கிரேட்டா வந்து இரண்டாவது சீசன்தான். சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

“வெர்னா, நீங்க சொல்லிக்கிட்டே இருப்பீங்களாமே. நிஜமா?”

“நிஜம்தான்.”

“அப்ப நாளைக்குக் காலையில ஒத்திகை. முன்னாடி உக்காருங்க.”

போனை வைத்துவிட்டு வெர்னா சமையலறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அடுப்பில் வைத்த பாத்திரம் அடிப்பிடித்தது. அப்பா தூக்கிவந்த பியானோவில் விரல்கள் வீங்கும்வரை வாசித்தாள். வாசிக்க வாசிக்கப் பயம் போய், இத்தனை வருஷமும் என்னை மூலையில் உட்கார வைத்தீர்களே பாவிகளா என்ற கோபம்தான் வந்தது. கோபம் அவளுக்கு நல்லது. நன்றாக வாசிக்க வைக்கும்.

வியாழக்கிழமை காலையில் பெரிய பியானோவின் முன்னால் உட்கார்ந்தாள். பணியாள் வந்து மூடியை முழு உயரத்துக்குத் தூக்கி முட்டுக் கொடுத்தான். மூடி ஒரு கறுப்புச் சுவர் மாதிரி எழும்பி, அவளுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்பாதிக்கும் நடுவில் நின்றது. முரசுகள் மறைந்தன. பேஸ் வரிசை மறைந்தது. ரூடியின் வில் மறைந்தது. அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொடக்கத்தில் பியானோ மட்டும்தான். வாசித்தாள் பாருங்கள், முரசுக்காரன் ஒருவன் “அடேயப்பா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்தது. அங்கேதான் சனியன் பிடித்தது.

பேஸ்கள் ஒரு மயிரிழை தாமதமாக வந்தன. காலமெல்லாம் பேஸோடு சேர்ந்து விழுந்து பழகிய விரல்கள் வெர்னாவைக் கேட்காமலே அவற்றுக்காகத் தயங்கின. அவள் தயங்கியதும், தனி வாசிப்புக்காரரின் பின்னால் போகவேண்டிய கிரேட்டாவும் குச்சியைத் தாமதித்தாள். பேஸ்கள் இன்னும் பின்தங்கின. வெர்னா இன்னும் காத்திருந்தாள். வீட்டு வாசலில் நீங்க முதல்ல போங்க, இல்லை நீங்க போங்க என்று இரண்டு பேர் நிற்பது போல, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் இழுத்து இழுத்து ஏறக்குறைய நின்றேவிட்டது. கிளாரினெட்காரருக்கு மூச்சு முட்டிப் பாதியில் விட்டுவிட்டார். யாரோ சிரித்தார்கள்.

“வெர்னா, எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. நாங்கதான் உங்க பின்னாடி வரணும்” என்றாள் கிரேட்டா.

“தெரியும்.”

மறுபடி. மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை ஆத்திரத்தில் பாய்ந்து ஓடினாள். வயலின்கள் பிடித்துக்கொண்டன, பேஸ்கள் எங்கோ பின்னால் கிடந்தன, எல்லாம் குப்பையாகக் கொட்டியது. கிரேட்டா குச்சியைக் கீழே வைத்தாள். டெட்ராய்ட்டில் ஒருவர் இருப்பதாகவும், சனிக்கிழமை மட்டும் அவரால் வர முடியும் என்றும், ஞாயிறு மதியம் கான்செர்ட்டோவை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். “நாலு மணிக்குள்ள சொல்லுங்க. முடிவு உங்களுதுதான்” என்றாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுவே வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே கார் கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ரூடி வந்தான். காதுவரை இழுத்த கம்பளிக் குல்லாய், கையில் காபி.

“என்ன மகாராணி, கண்ணாடியையே உடைச்சிடுவ போலிருக்கே.”

“நக்கல் பண்ணாதே ரூடி. உன் வில்லைப் பாத்துப் பாத்தே என் கை கெட்டுப்போச்சு. தனியா நடக்கத் தெரியாத ஜென்மமா ஆக்கிட்டே.”

அவன் காபியைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்தான். “ஒண்ணு பண்ணலாம். அந்த மூடியைக் கழட்டிடச் சொல்லு. கழட்டிட்டா என்னைப் பாத்துக்கிட்டே வாசிக்கலாம். ஒரு பிரச்சனையும் இருக்காது.”

ஒரு நிமிஷம் அவளுக்கு, பிரிந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இவ்வளவு யோசிக்கிறானே என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே சுருக்கென்றது.

“மூடி இல்லாட்டி சத்தம் கூரைக்குப் போயிடும். ஜனத்துக்கு என்ன கேக்கும்? என்னை முன்னாடி கொண்டுபோய் உக்கார வெச்சும் மூலையிலயே வெச்சிருக்கப் பாக்கறே.”

“நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“உன் நல்லதை நீயே வெச்சுக்கோ, போ.”

ஏரிக்கரையோரமாகப் போய்க் காருக்குள்ளேயே உட்கார்ந்தாள், இறங்கினாள், காற்று முகத்தில் அறைந்ததும் மறுபடி ஏறினாள். நாலு மணிக்கு முன்னாலேயே கிரேட்டாவைக் கூப்பிட்டு, தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பியானோவின் மூடியைச் சாத்தி, அதன்மேல் துவைத்த துணியையெல்லாம் கொட்டினாள்.

சனிக்கிழமை டெட்ராய்ட்காரன் வந்தான். நன்றாகவே வாசித்தான். வெர்னா மேடைக்கதவின் பின்னால் நின்றாள், ஆனால் இந்த முறை தொடையில் விரல் போடவில்லை. பேஸ்கள் வியாழக்கிழமை மாதிரியே மயிரிழை தாமதமாக வந்ததையும், அந்த ஆள் அதைச் சட்டையே செய்யாமல் தன் வழியில் போனதையும் கேட்டாள். அப்படித்தான் போக வேண்டும், எனக்கு அந்த நெஞ்சு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு சிம்பொனி. பெரிய பியானோவைத் தள்ளிக்கொண்டுபோய் மேடை ஓரத் திரைக்குப் பக்கத்தில் விட்டிருந்தார்கள். வெர்னா தன் மூலைக்குப் போனாள், ஷூவைக் கழற்றினாள், எண்ணினாள். நடுப்பகுதியில் பேஸ்களும் பியானோவும் சேர்ந்து நடக்கிற இடம் ஒன்று வரும். மெதுவாக, தாழ்ந்த சுரமாக, ஒன்றன்பின் ஒன்றாக. அந்த இடம் வந்தபோது அவள் கண் வில்லின்மேல் இல்லை, திரையோரம் நின்ற அந்தக் கறுப்புப் பியானோவின்மேல் இருந்தது. திடுக்கிட்டுக் கையைப் போட்டாள். தாமதமாகிவிட்டது, அசிங்கப்படப் போகிறோம் என்று தோன்றியது.

அசிங்கப்படவில்லை. பேஸ் வரிசை அவளோடு சேர்ந்தே விழுந்தது.

அதெப்படி? அடுத்த சுரத்துக்குக் கையைத் தூக்கினாள். தூக்கியவள், என்ன வந்ததோ, வேண்டுமென்றே ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தினாள். பக்கத்தில் வில்லும் நின்றது. கை இறங்கியது; வில்லும் இறங்கியது. முன்னால் கிரேட்டா முகத்தைச் சுளித்து நிமிர்ந்து பார்த்தாள். அடுத்ததை வெர்னா சற்று முந்திப் போட்டாள். வில்லும் முந்தியது, அதன் பின்னால் அவன் வரிசை முழுவதும் முந்தியது.

அவள் ரூடியின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் கண்டக்டர் பக்கம் திரும்பித்தான் இருந்தது. கடைக்கண் மட்டும் அவளுடைய இடது கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த சுரங்களைச் சரியான இடத்தில் போட்டாள். எப்படிப் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கைதட்டல் முடிந்து எல்லோரும் எழுந்ததும், மேடைக்குப் பின்னால் நடைபாதையில் ரூடியின் முன்னால் போய் நின்றாள்.

“எவ்வளவு நாளா என் கையைப் பாத்து வாசிக்கறே?”

அவன் வில்லின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தான். “போன சீசன்ல இருந்து. எதை நேராப் பாத்தாலும் நடுவுல புகை மாதிரி இருக்கு. கண்ணுக்குப் பின்னாடி ஏதோ கரைஞ்சுக்கிட்டு வருதாம். ஓரத்துல இருக்கறது மட்டும் தெரியும். பாட்டெல்லாம் மனப்பாடம், சமாளிச்சுடறேன். குச்சிதான் தெரியலை. உன் கை தெரியுது.”

“வியாழக்கிழமை?”

அவன் தளர்த்திய திருகை மறுபடி இறுக்கினான்.

“ரூடி, நான் உன்னைத்தான் கேக்கறேன். வியாழக்கிழமை?”

“மூடி மறைச்சிடுச்சு” என்றான். “உன் கை தெரியலை. மத்தவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் வில் போட்டேன். லேட்டாயிடுச்சு.”

“அதுக்குத்தான் மூடியைக் கழட்டச் சொன்னியா? எனக்கோசரம்னு நினைச்சு நான் பைத்தியக்காரி மாதிரி கார்ல உக்காந்து அழுதேன்டா!”

“ரெண்டு பேருக்கும் ஆகுமேன்னு…”

“என் ஆயுசுல ஒரே ஒரு வியாழக்கிழமை குடுத்தாங்க. அதை நீ தின்னுட்டே. நான் கை கெட்டுப்போனவள்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன், நீ காபியைப் பிடிச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே நின்னே.”

அவன் கண்கள் கலங்கின. அவள் முகத்தைப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டான். அந்தச் சின்னத் திருப்பலைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. மனுஷனை முழுசாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறானே என்று இருந்தது.

“சொன்னா இடம் போயிடும், வெர்னா. எனக்கு வேற என்ன இருக்கு?”

“எனக்கு மட்டும் வேற என்ன இருந்துச்சு?”

நடைபாதையில் பெட்டியோடு போனவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். ரூடி வில்லை அவள் கையில் கொடுத்துவிட்டு, கிரேட்டாவின் அறைக்கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான்.

வெர்னா வெளியே அங்குமிங்கும் நடந்தாள். ஒரு காலில் ஷூ இல்லாததை அப்போதுதான் கவனித்தாள். உள்ளே பேச்சு கேட்டது, என்ன பேச்சென்று புரியவில்லை. கதவு திறந்து ரூடி வந்தான். அவள் கையிலிருந்த வில்லை வாங்கிக்கொண்டு, “உன்னைக் கூப்பிடறாங்க” என்று மட்டும் சொன்னான்.

கிரேட்டா மேஜை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். களைத்துப்போயிருந்தாள்.

“நாளைக்கு ரூடி வாசிக்கலை. திங்கட்கிழமை நானே அவரைக் கண் டாக்டர்கிட்ட அழைச்சுக்கிட்டுப் போறேன். அவர் இடத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். பேஸ் வரிசையை ரெண்டாவது ஆள் நடத்துவாரு.” நிறுத்தினாள். “இன்னிக்கு என் சிம்பொனிக்குள்ள விளையாடினது நீங்கதானா?”

“நான்தான். தப்புதான்.”

“தப்புதான். ஆனா ஒரு சீசன் முழுக்க என் பேஸ் வரிசையை நடத்தினதும் நீங்கதான் போலிருக்கு. யாரை நம்பிப் போட்டீங்க அந்தச் சுரத்தையெல்லாம்?”

“அவன் வில்லை நம்பித்தான். அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.” வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. “அவன் என்னை நம்பிக்கிட்டிருந்திருக்கான்.”

“டெட்ராய்ட்காரர் கிளம்பிட்டாரு. நாளைக்கு மதியத்துக்கு இன்னும் எதையும் முடிவு பண்ணலை. கச்சேரிக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒத்திகை தர முடியும், அவ்வளவுதான். வாசிக்கிறீங்களா?”

வியாழக்கிழமை வராத பயம் இப்போது வந்தது. இதுவரை மூலை இருந்தது, வில் இருந்தது, கூப்பிடவே இல்லையே என்ற குறை இருந்தது. எது நடந்தாலும் அவற்றின்மேல் போட்டுவிடலாம். நாளைக்குச் சறுக்கினால் அது அவள் சறுக்கியது மட்டும்தான். இடது கால் வெறுந்தரையைத் தட்ட ஆரம்பித்தது. கிரேட்டா அதைப் பார்த்துவிட்டு, சரி, வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தவளாக, “வேணும்னா மூடியைக் கழட்டிடலாம். எல்லாரும் கண்ணுக்குத் தெரிவாங்க. உங்களுக்குச் சுலபமா இருக்கும்” என்றாள்.

“வேண்டாம்” என்றாள் வெர்னா. “மூடி தூக்கியே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு ஷூவை எடுக்க மேடைக்குப் போனாள்.